பாலாறு நந்தி மலையில் மட்டும் பிறக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலாறு என்று பேச்செடுத்தாலே கர்நாடகம் ஏரிகளில் நிறுத்திக்கொண்டது, ஆந்திரா புல்லூரில் தடுப்பணையை உயர்த்திவிட்டது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கோபம் நியாயமானதுதான், ஆற்று நீர் பற்றி மைசூரும் சென்னை மாகாணமும் செய்துகொண்ட 1892 ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடத்தான் வேண்டும். ஆனால் நந்தி மலையில் கிளம்பி வயலூரில் கடலைச் சேரும் 348 கிலோமீட்டரில் 222 நம்மிடம்தான் ஓடுகிறது, அந்த வழி முழுக்க வந்து சேரும் சிற்றாறுகளை யாரும் பேசுவதே இல்லை.

ஜவ்வாது மலையைப் பாருங்கள். அங்கே பெய்யும் மழைதான் ஒடுகத்தூர் பக்கம் அகரம் ஆறாக இறங்கி பள்ளிகொண்டா அருகே பாலாற்றில் விழுகிறது, அதே மலையின் இன்னொரு பக்கத்தில் செய்யாறு கிளம்பி திருமுக்கூடலில் வந்து சேர்கிறது. குடியாத்தம் பக்கம் கவுண்டின்ய ஆறு, சித்தூர் மலைகளிலிருந்து பொன்னை ஆறு. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனதே, அதில் இந்த ஆறுகளின் பங்கு எவ்வளவு பெரியது! அடுத்த மாதமே பொன்னை ஆற்று ரயில் பாலம் பழுதாகி ரயில்கள் நின்றதையும் பார்த்தோம். 1858-ல் கட்டிய அந்த அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத்தான் காவேரிப்பாக்கம் ஏரி நிரம்புகிறது, அதை நம்பி எத்தனை ஊர் நெல் வயல்.

இன்னொன்று, மேலே தண்ணீர் தெரியாவிட்டால் ஆறு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பாலாறு மணலுக்குள் ஓடுகிற ஆறு. முன்பெல்லாம் கோடையில் கையாலேயே மணலைப் பறித்தால் ஊற்று சுரக்கும், கலங்கல் தெளிந்ததும் குடத்தில் மொண்டு கொள்வார்கள். இன்றும் நம் ஊர்களுக்குக் குடிநீர் ஆற்றுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் வருகிறது. அந்த மணலை அள்ளி அள்ளி, பல இடங்களில் அடியில் களிமண்ணும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு வேறு. அந்தக் கழிவு பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் தீராமல் 2025 ஜனவரியில் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. இதற்கு எந்த அண்டை மாநிலத்தைக் குறை சொல்வது?

அதனால் ஒரு வேண்டுகோள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே அகரம் ஆறு, கவுண்டின்ய ஆறு, பொன்னை ஆறு இவற்றின் ஏரிக் கால்வாய்கள் தூர் வாரப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் நிருபர்களை அனுப்பி ஊர் ஊராகப் படத்தோடு போடுங்கள். வெள்ளம் வந்த பிறகு பாலத்தில் நின்று எடுக்கும் படம் போதாது.

– ஒரு வாசகர், காட்பாடி