இண்டர்காம் வயருக்கு யார் பொறுப்பு? மின் உரிமம் வழங்கும் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இண்டர்காம், கேட் போன், வீடியோ டோர் போன் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் எனக்குப் பிழைப்பு. உங்கள் வாரியம் கொடுத்த வயர்மேன் சான்றிதழ் கையில் இருக்கிறது. ஆனால் அது நான் தினமும் செய்கிற வேலைக்கென்று கொடுத்தது இல்லை. இந்த வேலைக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன ஐப்பசி மழையில் பெருமாள்புரம் பக்கம் ஒரு அடுக்குமாடியில் இருந்து கூப்பிட்டார்கள். வாட்ச்மேன் வயதானவர். "அண்ணாச்சி, போனைத் தொட்டா கையைப் பிடிச்சு இழுக்கு" என்றார். நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணி அடிக்கிற நேரத்தில் இண்டர்காம் லைனில் 75 வோல்ட் பக்கம் வரும். ஈரக் கையோடு திருகைத் தொட்டால் சுருக்கென்று இருக்கத்தான் செய்யும். "மணி அடிக்கையிலயா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "இல்ல, சும்மா கெடக்கும்போதும் இழுக்கு" என்றார்.

அப்புறம்தான் பார்த்தேன். சுவரில் போன் வயரை இணைக்கிற சின்ன ரோசெட் பெட்டிக்கு மூடி இல்லை, உள்ளே இருந்த இரண்டு பித்தளைத் திருகும் வெளியே தெரிந்தன. டெஸ்டரை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. மீட்டரில் எர்த்துக்கு 200 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எல்லா இண்டர்காம் லைனையும் இணைக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டியை ஆஃப் பண்ணினேன், அப்போதும் அதே 200. சரி, இது இண்டர்காம் கரண்டே இல்லை என்று மெயினை இறக்கிவிட்டு வயரை உருவினேன். மாடிப்படி விளக்குக்குப் போகிற பைப்பிலேயே இண்டர்காம் வயரையும் சேர்த்து இழுத்திருந்தார்கள். வளைவில் ஒரு ஜாயிண்ட், அதில் சுற்றிய டேப் பசை விட்டு நழுவிக் கிடந்தது. அதே இடத்தில் விளக்கு வயரின் தோலும் உரிந்திருந்தது. வாட்ச்மேன் அறையில் தரை முழுக்க ஈரம். அவர் ரப்பர் செருப்போடு நின்றது நல்லதாய்ப் போயிற்று.

அந்த வயரை இழுத்தது யார் என்று விசாரித்தேன். கேமரா மாட்ட வந்த ஒரு பையன் இதையும் பார்த்துவிட்டுப் போனானாம். கட்டியவர், "இண்டர்காம் தனி கான்ட்ராக்ட்" என்றார். வயரிங் செய்த கான்ட்ராக்டர், "நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்போது அந்த வயரே கிடையாது" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். பையன் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் இழுத்திருக்கிறேன். "சின்ன கரண்டுதானலே, சேர்த்து இழு" என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

1956 மின்சார விதிகளிலும் சரி, மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் 2023-இலும் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் சரி, பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது மாதிரி சில்லறை வேலைகளுக்குத்தான் விலக்கு. மற்ற மின்வேலையை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் கூட நின்று பார்க்க வேண்டும். ஆனால் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுகிற இண்டர்காம் வயரை இதற்குள் சேர்த்துப் பார்க்கிற ஆளை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. அந்த 12 வோல்ட் அடாப்டர் 230-இல்தானே சொருகியிருக்கிறது?

என் சின்னம்மா மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். அங்கே சி-7 என்று தனியாக ஒரு கான்ட்ராக்டர் லைசென்ஸ் உண்டு. 91 வோல்ட்டுக்கு மேல் போகாத இண்டர்காம், டெலிபோன் மாதிரி வேலைகளுக்கானது. நாலு வருட அனுபவம் காட்டி, பரீட்சையும் எழுத வேண்டும். அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. இங்கே ஒரு பையனுக்கு நாலு வருட அனுபவத்தை யார் எழுதிக் கொடுப்பார்கள்?

நான் கேட்பது சின்னது. சென்னை கிண்டியில் உள்ள உங்கள் ஆபீஸுக்கு வரச் சொல்லாமல், திருநெல்வேலி பேட்டை அரசு ஐ.டி.ஐ. மாதிரி ஒரு இடத்தில் அரை நாள் செய்முறைத் தேர்வு வையுங்கள். மின்வயரும் இண்டர்காம் வயரும் ஏன் தனித்தனிப் பைப்பில் போக வேண்டும், எர்த் எப்படிச் சோதிப்பது, பெட்டியை எந்த உயரத்தில் வைப்பது, இவ்வளவு தெரிந்தால் போதும். உயரம் என்றதும் 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வருகிறது. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு குடியிருப்பில் இண்டர்காம் ஜங்ஷன் பெட்டி முழங்கால் உயரத்தில் இருந்தது. தாமிரபரணித் தண்ணீர் வந்த ராத்திரியில் முதலில் செத்தது அதுதான். வாட்ச்மேன் ஒவ்வொரு கதவாய் ஏறிப்போய்த் தட்டி எழுப்பியிருக்கிறார்.

லைசென்ஸ் என்றாலே புரோக்கரும், லைசென்ஸ்காரர் காசுக்குப் போடுகிற வாடகைக் கையெழுத்தும் வந்துவிடும் என்று என் கூட்டாளிகளே சொல்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் செய்த வேலையின் விவரக் காகிதத்தை ஆபீஸில் வைக்காமல் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்கிறேன். எந்தப் பைப், எந்த சப்ளை, என்ன தேதி, யார் செய்தது என்று ஒரே பக்கம். அடுத்து திறக்கிறவன் படித்துக்கொள்வான். இப்போது வேலை பார்க்கிற பையன்களை ஒரே நாளில் தள்ளிவிடாமல் இரண்டு வருடம் அவகாசம் கொடுங்கள். கட்டணமும் அவர்கள் கட்டுகிற அளவில் இருக்கட்டும்.

பெருமாள்புரத்தில் விளக்கு வயரை ஒரு உரிமக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். இண்டர்காமுக்குத் தனிப் பைப் போட்டு நானே இழுத்தேன். பெட்டிக் கதவில் நான் சொல்கிற மாதிரி ஒரு காகிதத்தை எழுதி ஒட்டியிருக்கிறேன். உரிம எண் என்ற இடத்தில் வயர்மேன் சான்றிதழ் எண்ணைப் போடலாமா என்று யோசித்துவிட்டு, காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இண்டர்காம் வேலைக்காரன் ஒருவன்,
பாளையங்கோட்டை