வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024: இஷர்வுட்டின் பேர்லினும் ஒரு சினிமாக்காரரும்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வாசக உறவுகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைச் சபை முன் வைக்கிறேன். கூட்டங்கள் வழமைபோல மாதத்தின் மூன்றாம் ஞாயிறு பின்னேரம் நடந்தன. கோடையில் பாதிப்பேர் ஹம் காமாட்சி அம்மன் தேருக்கும் மற்றப் பாதி பிள்ளைகளோடு விடுமுறைக்கும் வெளிக்கிட்டதால் ஒரு கூட்டம் தவறியது. மண்டப முன்பதிவில் வந்த இழுபறி எல்லோருக்கும் தெரிந்தது. அதைத் திரும்பச் சொல்லி நேரத்தைப் போக்கவில்லை. கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். சந்தா பாக்கிக்காரரின் பெயர்களைச் சபையில் வாசிக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். அவர் கேட்பாரோ தெரியாது.

சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோம். ஆண்டு முழுவதும் ஒரே எழுத்தாளரை வாசிப்பது. அவர் தமிழராக இருக்கத் தேவையில்லை, ஆனால் நாம் வாழும் இந்தப் பேர்லின் நகரத்தில் வெளியாளாக இருந்து எழுதியவராக இருக்க வேண்டும். கிறிஸ்டோபர் இஷர்வுட்டை நான் முன்மொழிந்தேன். "ஊர் சுத்திப் பாக்க வந்த வெள்ளைக்காரன் எழுதினதை நாங்கள் ஏன் ஒரு வருசம் இருந்து வாசிக்க வேணும்?" என்று மூத்த உறுப்பினர் அண்ணை ஒருவர் கேட்டது கூட்டக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அவருடைய பேர்லின் நூல்களிலிருந்து கிடைக்கவில்லை; ஒரு சினிமாக்காரரைப் பற்றி அவர் எழுதிய சின்ன நாவலிலிருந்து கிடைத்தது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

இஷர்வுட் 1904 இல் இங்கிலாந்தின் செஷயரில் பிறந்தவர். இங்கிருந்த நண்பர், கவிஞர் ஓடனைப் பார்க்க 1929 மார்ச்சில் பேர்லினுக்கு வந்தார். அந்த வருடக் கடைசியில் குடியேறவே வந்துவிட்டார். 1933 மே வரை இருந்தார். ஆங்கிலம் படிப்பித்துச் சம்பாதித்தார். பெரியப்பா ஒருவரும் பணம் அனுப்பினார். கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. நொரிஸ் என்ற ஏமாற்றுக்காரனைப் பற்றிய நாவல் 1935 இலும், 'குட்பை டு பெர்லின்' 1939 இலும் வெளிவந்தன. பெரியவர்கள் ஆங்கிலத்தில் வாசித்தார்கள், இங்கே படித்த பிள்ளைகள் டொச் (ஜேர்மன்) மொழிபெயர்ப்பில் வாசித்தார்கள். விவாதம் மட்டும் தமிழில்.

பேர்லின் கதைகளில் எங்கள் பெண் உறுப்பினர்களைப் பிடித்துக்கொண்டவர் வீட்டுக்காரி ஷ்ரோடர். ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்தவர். இப்போது எல்லா அறைகளையும் வாடகைக்கு விட்டுவிட்டு, இருப்பறையில் ஒரு திரைக்குப் பின்னால், ஸ்பிரிங் உடைந்த சின்னச் சோபாவில் படுக்கிறார். கம்பளத்தில் உள்ள ஒவ்வொரு கறையையும் காட்டி அது எந்தக் குடியிருப்பாளர் விட்டுப்போனது என்று சொல்லக்கூடியவர். கடைசிப் பக்கங்களில் அதே ஷ்ரோடர், 1932 நவம்பரில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்குப் போட்டவர், சில மாதங்களிலேயே ஹிட்லரைப் பயபக்தியோடு 'தலைவர்' என்று சொல்லத் தொடங்குகிறார். எழுத்தாளர் அவரைத் திட்டவில்லை. சூழலுக்கு ஏற்ப மாறும் உயிர் என்று மட்டும் காட்டிவிட்டுப் போகிறார். இந்த இடத்தில் சபை இரண்டாகப் பிரிந்தது. "பாவம், அந்த மனிசி என்ன செய்யும்" என்று ஒரு பக்கம். "இப்பிடித்தான் எல்லா ஊரிலையும் தொடங்கிறது" என்று மறு பக்கம். தேத்தண்ணி ஆறிப்போகும் வரை கதைத்தோம், முடிவு வரவில்லை.

வசந்தத்தில் ஒரு நடை ஒழுங்கு செய்தோம். ஷோனபேர்க்கில் நொலண்டோர்ப் வீதி 17 ஆம் இலக்க வீட்டில் அவர் இருந்ததற்கான நினைவுப் பலகை இருக்கிறது. அங்கிருந்து ஊ-பான் நகர ரயிலில் கொட்புஸர் தோர் போனோம். நொலண்டோர்ப் வீதிக்கு வருவதற்கு முன், 1930 இலையுதிர் காலத்தில், ஒரு தொழிலாளி குடும்பத்தோடு சீமியோன் வீதியிலும், பிறகு அட்மிரால் வீதியிலும் இருந்தார். கதையில் அந்தக் குடும்பம் நோவாக் குடும்பமாகிறது: ஒழுகும் கூரை, தடுக்கி விழும் நெருக்கம், காசநோய் பிடித்த தாய். ஹைம் என்கிற அகதி விடுதி வாழ்க்கையைக் கண்டவர்களுக்கு அந்த அத்தியாயத்தை விளக்கத் தேவை இருக்கவில்லை. நம்மில் பலர் 1980களில் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ஃபிரீட்றிக் வீதி நிலையத்தால் எஸ்-பான் ரயிலில் மேற்குப் பக்கம் வந்தவர்கள். 1985 இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை எங்களுக்கு அடைத்தது. ஒருவர் நடையின்போது கேட்டார்: இஷர்வுட் இருந்த அதே வருடங்களில் செண்பகராமன் பிள்ளையும் இந்த நகரத்தில்தானே இருந்தார், 1934 இல் இங்கேதானே இறந்தார், அவரைப் பற்றி ஒரு வரி இல்லையா என்று. இந்தப் பேர்லின் கதைகளில் இல்லை. ஒவ்வொருவரின் பேர்லினும் அவரவர் படியேறிய வீடுகளின் அளவுதான்.

நடை பேபல் சதுக்கத்தில் முடிந்தது. 1933 மே 10 ஆம் திகதி இரவு நாஜிகள் அங்கே புத்தகங்களை எரித்தபோது இஷர்வுட் கூட்டத்தில் நின்றிருக்கிறார். "வெட்கம்" என்று வாய்விட்டுச் சொன்னாராம், ஆனால் உரக்க இல்லை. தானே பின்னாளில் அப்படி எழுதியிருக்கிறார். சில நாட்களில் நகரத்தை விட்டுப் போனார். யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 ஜூனைப் பற்றி அங்கே யாரும் பேச்செடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. நிலத்தடியில் கண்ணாடிக்குக் கீழே தெரியும் வெறும் புத்தகத் தட்டுகளைப் பார்த்துவிட்டுக் கலைந்தோம்.

இனி அந்தச் சினிமா நாவல். 1945 இல் வந்த 'பிராட்டர் வயலட்'. 1933 இலையுதிர் காலத்தில் இஷர்வுட் லண்டனில் கோமோன்ட் பிரிட்டிஷ் நிறுவனத்தில், வியன்னாக்காரரான இயக்குநர் பேர்தோல்ட் ஃபியர்டலுக்குத் திரைக்கதை உதவியாளராகச் சேர்ந்தார். 1934 இல் வெளிவந்த 'லிட்டில் ஃபிரெண்ட்' என்ற படம் அப்படி உருவானது. நாவலில் ஃபியர்டல், பேர்க்மன் ஆகிறார். படமும் மாறி, பூ விற்கும் பெண்ணும் மாறுவேட இளவரசனும் பாட்டுப் பாடும் சீனிப்பாகாகிறது. கதை சொல்பவரின் பெயர் மட்டும் இஷர்வுட் என்றே இருக்கிறது.

பேர்க்மனை மறக்க முடியாது. கத்துவார், சிரிப்பார், பேர்லின் நாடாளுமன்றத் தீவைப்பு வழக்கை அறைக்குள் தனியாளாக நடித்துக் காட்டுவார்; நீதிபதியும் அவரே, குற்றவாளிக் கூண்டில் நிற்கும் டிமித்ரோவும் அவரே. மனைவியும் மகளும் வியன்னாவில். 1934 பெப்ரவரியில் ஒஸ்ரியாவின் டொல்ஃபூஸ் அரசாங்கம் வியன்னாவின் தொழிலாளர் குடியிருப்புகளைப் பீரங்கியால் அடிக்கிறது. பேர்க்மன் லண்டனில், தளத்தில் கட்டிய பொய் வியன்னாவுக்குள் நிற்கிறார். உண்மையான வியன்னாவில் சுடுகிறார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு அது பத்திரிகையில் வந்த இன்னொரு வெளிநாட்டுச் செய்தி. படமோ முடிய வேண்டும், பணம் போட்டாயிற்று.

இந்தப் பகுதியை வாசித்த கூட்டம்தான் இந்த ஆண்டின் கூட்டம் என்று சொல்வேன். எங்கள் நூலகப் பொறுப்பாளர் அக்கா, 2009 மே மாதம் அந்தக் கிழமை முழுக்கத் தான் ஒரு பேக்கரியில் கலியாணக் கேக்குகளுக்குச் சீனிப்பூ வைத்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். கைபேசி ஏப்ரனுக்குள். வன்னிக்கு எந்த இலக்கமும் போகவில்லை. மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், "உங்கட நாட்டிலை ஏதோ நடக்குதாம்" என்று கேட்டாராம். பிறகு இன்னொருவர், உணவகத்தில் பாத்திரம் கழுவிய கதை. பிறகு இன்னொருவர். நாவலை அன்று யாரும் மேற்கொண்டு வாசிக்கவில்லை. முதற் கேள்வியைக் கேட்ட அண்ணை மட்டும் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். நூலகப் பதிவின்படி அது இன்னும் திரும்பி வரவில்லை.

என் சொந்தக் கருத்து: பேர்லின் கதைகளில் இஷர்வுட் தன்னைத் திறந்த ஒளிப்படக் கருவி போல வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பதிகிறார். பார்வை கூர்மை, ஆனால் அவருக்கு அங்கே இழக்க ஒன்றும் இல்லை. சினிமா நாவலில் எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு எல்லாம் போகிறது. வெறுமனே பதிந்துகொண்டிருக்க முடியாமல் எழுத்தாளர் தடுமாறுகிறார். அதனால்தான் அது நல்ல நூல்.

அந்த நாவலில் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. 1976 இல் எழுதிய 'கிறிஸ்டோபர் அண்ட் ஹிஸ் கைண்ட்' தன்வரலாற்றில்தான் அது வெளிவந்தது. ஃபியர்டலோடு வேலை செய்துகொண்டிருந்த அதே நாட்களில், 1934 ஜனவரியில், அவருடைய ஜேர்மன் காதலர் ஹைன்ஸ், இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்தில் குடிவரவு அதிகாரியால் திருப்பி அனுப்பப்பட்டார். இஷர்வுட் எழுதிய கடிதத்தையே அதிகாரி ஆதாரமாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகு இருவரும் டென்மார்க், பெல்ஜியம், போர்த்துக்கல் என்று விசா முடியும் இடமெல்லாம் அலைந்தார்கள். ஹைன்ஸுக்கு மெக்சிக்கோக் குடியுரிமை எடுத்துத் தருவதாகச் சொன்ன வழக்கறிஞருக்கு இஷர்வுட்டின் தாயார் 1000 பவுண் கொடுத்தார். இடையில் நின்றவர், நொரிஸ் பாத்திரத்துக்கு மூலமான அதே ஜெரால்ட் ஹமில்டன். கடைசியில் 1937 மே மாதம் ஹைன்ஸ் ட்ரியர் நகரில் பிடிபட்டார். வெளிநாடு வர ஏஜென்சிக்குக் காசு கட்டிய சபையில் இந்தப் பக்கங்களுக்கு எழுந்த பெருமூச்சை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.

ஓரினக் காதலைப் பற்றி இங்கே பேச வேண்டுமா என்று இரண்டு உறுப்பினர்கள் கேட்டார்கள். ஹைன்ஸைச் சிறைக்கு அனுப்பியது அந்தக் காதலைக் குற்றமாக்கிய 175 ஆம் பிரிவு. அந்தச் சட்டம் முழுவதுமாக நீங்கியது 1994 இல், நாங்கள் எல்லோரும் இந்த நாட்டில் இருக்கும்போது. அதை விட்டுவிட்டு இந்த எழுத்தாளரை வாசிக்க முடியாது என்பது செயற்குழுவின் முடிவு. இளையவர்களுக்கு இதில் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

குளிர்காலத்தில், பேர்லின் கதைகளை வைத்து எடுத்த 'கபரே' படம் போட்டோம். பொப் ஃபொஸி இயக்கி 1972 இல் வந்தது, எட்டு ஒஸ்கார் விருதுகள். லைசா மினெல்லி நடித்த சாலி பௌல்ஸ் இஷர்வுட்டின் கதையில் சுமாராகப் பாடுகிறவள். படத்திலோ உலகமே எழுந்து நிற்கும்படி பாடுகிறாள். பிள்ளைகள் படத்தின் பக்கம், நான் கதையின் பக்கம். இந்தச் சாலிக்கு மூலமான ஜீன் ரொஸ் உண்மையில் பத்திரிகையாளர், கம்யூனிஸ்ட், ஸ்பானிய உள்நாட்டுப் போரைக் களத்திலிருந்து எழுதியவர். ஃபியர்டலிடம் இஷர்வுட்டுக்கு வேலை கிடைக்க வழி செய்தவரும் அவரே. வாழ்நாள் முழுக்கச் சாலியின் நிழல் அவரைத் துரத்தியது. அவருடைய மகள், எழுத்தாளர் சாரா கோட்வெல், 1986 இல் தாயின் சார்பில் கட்டுரையே எழுதினார்.

கதைப் பாத்திரத்துக்கு மூலமான இன்னொருவர் வில்ஃபிரிட் இஸ்ரேல். இந்த நகரசபைக் கட்டடத்துக்கு எதிரே பெரும் அங்காடி வைத்திருந்த யூதக் குடும்பத்தின் வாரிசு. கதையில் பேர்ன்ஹார்ட் லண்டவர் என்ற களைத்துப்போன, எதிலும் பற்றில்லாத மனிதராக வந்து 1933 இலேயே இறக்கிறார். நிஜத்தில் வில்ஃபிரிட் யூதக் குழந்தைகளை ஜேர்மனியிலிருந்து வெளியேற்ற உழைத்தவர். 1943 ஜூன் 1 ஆம் திகதி லிஸ்பனிலிருந்து பறந்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, நடிகர் லெஸ்லி ஹவார்டோடு அதில் இறந்தவர். 'தெரிந்த மனிதர்களைப் பெயர் மாற்றி எழுதலாமா' என்று நடந்த விவாதம் இந்த இருவரையும் வைத்தே சூடு பிடித்தது. எழுதலாம் என்பவர்கள் வென்றார்கள். ஆனால் நம் வட்டத்தில் கதை எழுதுகிறவர்கள் இருவர். அவர்கள் வாக்கைக் கழித்துப் பார்த்தால் சமன்.

லொஸ் ஏஞ்சலஸ் காலத்துக்கு நேரம் போதவில்லை. 1939 இல் அமெரிக்கா போய், ஹொலிவூட்டில் திரைக்கதை எழுதிப் பிழைத்து, 1986 இல் சாந்தா மொனிக்காவில் இறந்தார். அங்கே எங்களைக் கவர்ந்தவர் ஃபியர்டலின் மனைவி சல்கா: கிரேட்டா கார்போவின் படங்களுக்கு எழுதியவர், அகதியாக வந்த கலைஞர்களுக்கு வீட்டைத் திறந்து வைத்து ஞாயிறுகளில் சோறும் இடமும் கொடுத்தவர். பிரெக்ட்டும் தோமஸ் மன்னும் அங்கே வந்துபோனார்கள். சுவாமி பிரபவானந்தரோடு சேர்ந்து இஷர்வுட் 1944 இல் பகவத் கீதையை ஆங்கிலமாக்கியவர் என்றதும், "எங்கட அப்பாவின்ரை அலுமாரியிலை கிடந்த கீதை அது" என்று ஒருவர் துள்ளினார். இந்தப் பகுதியை அடுத்த ஆண்டின் முதல் இரண்டு கூட்டங்களுக்கு எடுத்துக்கொள்ளச் செயற்குழு சிபாரிசு செய்கிறது.

அதன் பிறகு வெளி நூல் வேண்டாம். உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தாங்கள் இந்த நகரத்தில் முதலில் படுத்த அறையைப் பற்றி, அந்த வீட்டுக்காரரைப் பற்றி, நான்கு பக்கத்துக்குள் எழுதிவர வேண்டும். பெயர் மாற்றுவது அவரவர் விருப்பம். கையெழுத்தாகத் தருகிறவர்களுக்குத் தட்டச்சு செய்து கொடுக்க இளையோர் முன்வந்திருக்கிறார்கள். தொகுப்பாக அச்சிடும் செலவு பற்றிப் பொருளாளர் சொல்வார், முகம் சுளிக்காமல் கேட்கவும்.

மாதாமாதம் வடையும் றோல்ஸும் செய்து கொண்டுவந்தவர்களுக்கும், கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டுப் போன பிள்ளைகளுக்கும் நன்றி. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களை ஜனவரிக் கூட்டத்துக்கு முன் திருப்பித் தரவும். அண்ணைக்கும் இது பொருந்தும்.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

செயலாளர்
பேர்லின்