ஆண்டறிக்கை 2024–25: மாவட்ட ரைபிள் கிளப் பொதுக்குழுவில் செயலாளர் சமர்ப்பித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது. கோடைப் பயிற்சி முகாமில் 19 பிள்ளைகள் சேர்ந்தார்கள். ரேஞ்சின் தகரக் கூரை ஒழுகல் பாதி சரியாகிவிட்டது. மீதிப் பாதியை அடுத்த மழையில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஏர் ரைபிளில் போடும் ஈயக் குண்டான பெல்லட் விஷயம். “செயலாளர் டின் டின்னாக வாங்கியே கிளப்பைக் கரைத்துவிட்டார்” என்று ஒரு பேச்சு ஓடியது எனக்குத் தெரியும். பேசியவர்களில் பாதிப் பேர் இன்று வரவில்லை. வந்தவர்களுக்காவது நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நம் கிளப்பில் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருவர் ஏர் ரைபிள் சுடுகிறார். 60 ஷாட்டுக்கு 608 பாயிண்டிலேயே எட்டு மாதம் நின்றுவிட்டார். அப்பா ஜாக்கெட்டை மாற்றச் சொன்னார். பயிற்சியாளர் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நானும் என் பங்குக்கு, “ராத்திரி சரியாத் தூங்குறியாம்மா?” என்று கேட்டேன். ரைபிளுக்குள் என்ன போகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

4.5 மில்லிமீட்டர் பெல்லட் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் டின்னின் லேபிளில் 4.49, 4.50, 4.51, 4.52 என்று தலையின் அளவு தனித்தனியாகப் போட்டிருக்கும். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தலைமுடியின் தடிமனில் அது சிறு பங்குதான். ஆனால் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இலக்கின் நடுவிலுள்ள 10-ஆம் புள்ளியின் அகலமே அரை மில்லிமீட்டர். பேரலின் உள்ளே சுருளாக வெட்டியிருக்கும் வரிகளுக்குத் தலை பெரிதாக இருந்தால் ஈயம் நசுங்கிக் கோணலாகிறது. சிறிதாக இருந்தால் பிடிப்பில்லாமல் லேசாகச் சாய்ந்தபடி வெளியேறுகிறது. இரண்டிலும் குரூப், அதாவது குண்டுகள் விழும் பரப்பு, விரிந்துவிடும்.

காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் என்னை மடக்கினார். “த்ரீ நாட் த்ரீ ரைபிள்ல பேரலோட உள்விட்டம் .303 அங்குலம், குண்டு .311. பெரிசா இருந்தாத்தானே தம்பி டைட்டா உக்காரும்?” நியாயமான கேள்வி. .303 என்பது வரிகளின் மேட்டுக்கு மேடு உள்ள அளவு. குண்டு பள்ளத்தையும் அடைக்க வேண்டும், அதனால் அது பெரிது. ஏர் ரைபிள் பெல்லட்டில் அந்த அடைக்கும் வேலையைச் செய்வது தலை அல்ல, பின்னால் பாவாடை மாதிரி விரிந்திருக்கும் மெல்லிய விளிம்பு. காற்றழுத்தம் அதை விரித்துப் பள்ளத்தில் பதிய வைக்கிறது. தலை மேட்டின் மீது நேராக ஓடினால் போதும். ஐயா ஒப்புக்கொண்டாரா தெரியாது. ஆனால் மறுநாள் வெர்னியர் காலிப்பர் அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

ஸ்டாக் என்ற கட்டைப் பிடியைக் கழற்றி, பேரலைத் தொடாமல், சுடும் பொறியான ஆக்‌ஷனை மட்டும் வைஸில் (இடுக்கியில்) பிடித்து, அளவுக்குப் பத்துப் பத்தாகச் சுட்டோம். முதல் நாள் முடிவு முழுக்க வீண். மேசை ஆடியது. அதைக் கவனிக்காதது என் தவறு. பிறகு ஓர் உறுப்பினர் சமையலறைக்கு வாங்கி மிஞ்சியிருந்த கடப்பா கல்லைக் கொடுத்தார். அதைச் செங்கல் தூண் மேல் சிமெண்ட் வைத்துப் பதித்து மறுபடி தொடங்கினோம்.

அந்தப் பெண் அதுவரை சுட்டது 4.51. பத்துக் குண்டும் சேர்ந்து வெட்டிய ஓட்டை ஓரத்துக்கு ஓரம் 8.3 மில்லிமீட்டர். 4.49 போட்டதும் 6.1. அட்டையை அவரே கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்ப என் கை இல்லையா அங்கிள்?” என்றார். நாங்கள் மூன்று பேரும் வேறு எங்கோ பார்த்தோம்.

இப்போது 615 சுடுகிறார். ஏழு பாயிண்டும் பெல்லட்டால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நான்கு மாத உழைப்பும் அதில் இருக்கிறது. 4.49 எல்லாருக்கும் மருந்து என்றும் நினைக்க வேண்டாம். அதே கம்பெனி, அதே மாடல் ரைபிள் இன்னொன்றில் 4.50-தான் கூடியது. ஒரே அளவு, வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) டின் வந்தபோது குரூப் மறுபடி விரிந்தது. ஆகவே ஒவ்வொரு பேரலுக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும். பொருந்துகிற லாட் கிடைத்தால் அந்த சீசனுக்கு மொத்தமாக வாங்கிவிட வேண்டும். இதற்குத்தான் டின் டின்னாக வாங்கினேன். கிளப் ரைபிள்கள் ஏழுக்கும் எந்த அளவு என்று சீட்டு எழுதிப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். தயவுசெய்து கிழிக்க வேண்டாம்.

கணக்கைப் பொருளாளர் விரிவாகப் படிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம். “இதர செலவுகள்” என்ற தலைப்பு சற்று நீளமாகத் தெரிந்தால் அதில் வைஸும் சிமெண்டும் அடக்கம்.

62 உறுப்பினர்களில் 27 பேர் சந்தா பாக்கி. மூன்று பேர் இரண்டு ஆண்டுகளாக. பெயர் படிக்க மாட்டேன். ஆனால் சோதனை முடிந்த வாரம் ரைபிளைத் தூக்கிக்கொண்டு, “எனக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க” என்று வரிசையில் நின்றவர்களில் ஒன்பது பேர் இந்த 27-இல் இருக்கிறார்கள்.

ரேஞ்சுக்கு வந்துபோன அதிகாரிகளுக்கும், தேநீர் கொடுத்த பக்கத்துக் கடைக்காரருக்கும், கல் கொடுத்தவருக்கும், காலிப்பர் கொடுத்த ஐயாவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு .22 ரைபிள்களுக்கும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். 50 மீட்டர் ரேஞ்சில் இன்னொரு கல் மேசை வேண்டும், நாலைந்து லாட் தோட்டா வேண்டும். இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் சாவியை இன்றே தரத் தயார். யாரும் வராவிட்டால் நானே பார்க்கிறேன், ஆனால் கையில் பணம் இருந்தால்தான்.

டிபன் பின்னால் இருக்கிறது. ரசீதுப் புத்தகத்தையும் அதே மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்