பாடநூல், தேர்வுக் குழுவினருக்கு: ஹார்மோன் பாடத்துல ஜீனையும் சேருங்க

வணக்கம்.

தாவர ஹார்மோன் பாடம் எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஆக்சின், ஜிப்ரெல்லின், சைட்டோகைனின்னு ஒரு டேபிள், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வேலை, அவ்ளோதான். இத்தனை வருஷம் அதையே நடத்திட்டேன், ஆனா இந்த தடவை பேப்பர் திருத்தினப்போ நடந்தது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது.

"ஜிப்ரெல்லின் தண்டை எப்படி நீளச் செய்கிறது?"ன்னு கேள்வி. ஒரு பொண்ணு எழுதியிருக்கா, ஜிப்ரெல்லின் ஜிஐடி1ங்கற ஏற்பியில, அதாவது ஹார்மோனைப் புடிச்சுக்கற புரதத்துல, போய் சேருது, சேர்ந்ததும் அது டெல்லா புரதத்தைப் புடிச்சுக்குது, செல் அந்த டெல்லாவை சிதைச்சிடுது, அதுவரைக்கும் டெல்லா அடக்கி வச்சிருந்த வளர்ச்சி ஜீனெல்லாம் வேலை செய்ய ஆரம்பிக்குதுன்னு. அத்தனையும் சரி! ஆனா ஆன்சர் கீயில இருக்கறது "செல் நீட்சியைத் தூண்டுகிறது"ங்கற ஒரே வரி, அந்த வரி அவ பேப்பர்ல இல்ல, மார்க்கும் இல்ல. எவ்ளோ சொல்லியும் கீயில இல்லாததுக்கு போட முடியாதுன்னுட்டாங்க. எப்படின்னு கேட்டது நாம, எப்படின்னு சரியா சொன்ன புள்ளைக்கு சைபர். இது நியாயமா ஐயா?

இதெல்லாம் புதுசும் இல்ல. நெல்லுல ஜிஐடி1 தெரிஞ்சது 2005ல, ஆக்சினோட ஏற்பி டிஐஆர்1னு உறுதியானதும் அதே வருஷம்தான், அதுவும் கிட்டத்தட்ட இதே வழியிலதான் தடுப்புப் புரதத்தை சிதைக்க வச்சு ஜீனைத் திறக்குது.

மெண்டலோட நெட்டைப் பட்டாணி குட்டைப் பட்டாணியை இன்னொரு பாடத்துல மாஞ்சு மாஞ்சு நடத்தறோமே, அந்தக் குட்டைக்குக் காரணமே ஜிப்ரெல்லினை வேலை செய்யற வடிவத்துக்கு மாத்தற என்சைமோட ஜீன்ல வந்த மாற்றம்தான், 1997லயே கண்டுபிடிச்சாச்சு. அந்தக் குட்டைச் செடிக்கு ஜிப்ரெல்லின் குடுத்தா நெட்டையா வளரும். பசுமைப் புரட்சியோட குட்டைக் கோதுமையில சிதையாம நின்னு வளர்ச்சியை அடக்கற டெல்லா, ஐஆர்8ங்கற குட்டை நெல்லுல ஜிப்ரெல்லின் தயாரிக்கற ஜீன்லயே குறை. மூணும் ஒரே கதை, நம்ம புத்தகத்துல மூணும் மூணு மூலையில கிடக்கு. பாட்டனின்னாலே மனப்பாடம்னு பசங்க ஓடறாங்க, ஓடாம என்ன செய்வாங்க?

கோபத்துல அதிகமா பேசியிருந்தா பொறுத்துக்கோங்க. கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஹார்மோன் எப்படி ஜீனைத் திறக்குதுன்னு ரெண்டே பக்கம் சேருங்க, சரியான விளக்கம் எழுதினா மார்க் உண்டுன்னு கீயில ஒரு வரி போடுங்க. அந்தப் பொண்ணோட பேப்பரையும் தயவுசெஞ்சு இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு தாவரவியல் டீச்சர்