வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் வீட்டிலிருந்து வட்ஸ்அப்பில் இதைத் திறக்கப்போகும் (அல்லது திறக்காமலே கைகூப்பும் படம் போடப்போகும்) உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். போன வருட அறிக்கை 9 பக்கம் போனது என்று நிர்வாக சபையில் குறை சொன்னார்கள். இம்முறை சுருக்கமாகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்தவை

மாதாந்தக் கூட்டம் 12 நடக்க வேண்டும், 9 நடந்தது. உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்திய நவம்பர் வெள்ளத்தில் ஒரு கூட்டம் போனது. மற்ற இரண்டும் போனதற்கு மழை காரணமில்லை, ஆள் வரவில்லை. வாணி விழா வழமைபோல நடந்தது. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரைப் பாடசாலை ஒன்றுக்கு இரண்டு பெட்டி புத்தகம் கொடுத்தோம். நூலக வளவில் ஒரு சிரமதானம், வந்தவர்கள் 5 பேர், அதில் ஒருவர் படமெடுக்க மட்டும் வந்தவர்.

ஆவணங்கள் விஷயம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "செயலாளர் ஒரு வருசமா கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து என்ன செய்தவர்?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரில் பதில் சொல்லலாம் என்றால் கூட்டத்துக்கு வந்தால்தானே.

கதை போன வருடப் பொதுக்கூட்டத்துக்கு மறுநாள் தொடங்கியது. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், பெயர் போட வேண்டாம் என்றார், ஆகவே சேர் என்றே எழுதுகிறேன். சீனி வருத்தத்தால் கண் பார்வை போய் நாலைந்து வருடமாகிறது. கல்லடிப் பாலம் தாண்டி ஓட்டோ பிடித்து ஒரு கூட்டம் விடாமல் வருகிறவர். சந்தாவை ஏப்ரல் முதல் வாரத்திலேயே கட்டுகிற ஒரே ஆள். அவர் போன் எடுத்து, "மனே, நீ அனுப்பின அறிக்கையை இது எப்பிடி வாசிக்குதெண்டு ஒருக்காக் கேளு" என்று போனை லெப்டொப்புக்குப் பக்கத்தில் வைத்தார். ஜே, கே, பி, ஓ என்று ஏதோ உளறல். இடையிடையே செமிகோலன். என் 9 பக்க அறிக்கை முழுவதும் அப்படித்தான்.

அவர் பாவிப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பான், கணினித் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள். 2006 இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது, முற்றிலும் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் இரும்புக் கடைக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். விண்டோஸில் தமிழ்க் குரல் ஒன்றும் இருக்கிறது, அதற்கு வள்ளுவர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் எந்தக் குரலாக இருந்தாலும் கோப்பில் தமிழ் இருந்தால்தானே தமிழில் வாசிக்கும். நான் அடித்தது பாமினி எழுத்துருவில். இருபது வருடமாக விரலில் ஏறிய பழக்கம். பாமினி என்பது ஒரு முகமூடி மாதிரி, வெளியில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. "தமிழ்" என்று நாம் பார்க்கிற இடத்தில் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு செமிகோலன். கண்ணால் பார்க்கிற நமக்கு முகமூடி போதும், காதால் வாசிக்கிற சேருக்கு அது முகத்தையே காட்டிக் கொடுத்துவிட்டது.

அந்த வருடம் முழுக்க அவருக்கு நான் அனுப்பிய மற்றக் கடிதங்களையும் கேட்டேன். அவை இன்னும் மோசம். தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் விழ வேண்டும் என்று அச்செடுத்து, ஒப்பமிட்டு, போனால் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பியவை. அதில் ஒரு எழுத்துகூட இல்லை, முழுவதும் படம். என்விடிஏ வெறும் பக்கம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போகிறது. சேர் கோபப்படவில்லை. "நான் இந்த வட்டத்தில வாசகன்தானே மனே?" என்று மட்டும் கேட்டார். வாசகர் வட்டம் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு, ஒழுங்காகக் காசு கட்டி, ஒழுங்காகக் கூட்டத்துக்கு வருகிற ஒருவருக்கு வாசிக்க முடியாத கடுதாசியை வருடக்கணக்காக அனுப்பியிருக்கிறோம். அனுப்பியது நான்தான். ஆகவே திருத்துவதும் நான்தான் என்று இறங்கினேன், நிர்வாக சபையின் அனுமதியைப் பிறகுதான் கேட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

செய்தவற்றைச் சொல்கிறேன். பழைய பாமினிக் கோப்புகளை யுனிகோடுக்கு, அதாவது கோப்புக்குள்ளும் தமிழைத் தமிழாகவே வைக்கிற முறைக்கு, மாற்றினோம். இணையத்தில் மாற்றிகள் கிடைக்கின்றன, ஒட்டினால் ஒரு நிமிடம். ஆனால் இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிகளையும் அது தமிழ் என்று நினைத்து மாற்றிவிட்டது, ஆகவே ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து பார்க்க வேண்டி வந்தது. அச்சில் மட்டும் இருந்த கூட்டறிக்கைகளை ஸ்கேன் பண்ணி கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்தாக்கித் தருகிறது, பிழைகளோடு. கையெழுத்துக் கொப்பிகளை அதனால் வாசிக்க முடியவில்லை (முன்னாள் செயலாளரின் கையெழுத்தை என்னாலும் முடியவில்லை). பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பிள்ளைகள் அவற்றை டைப் பண்ணித் தந்தார்கள். 11 வருடக் கூட்டறிக்கை இப்போது தேடக்கூடிய எழுத்தாக இருக்கிறது. கதிரைகளை யார் இரவல் கொண்டுபோனார் என்று மூன்று வருடமாக நடந்த வாக்குவாதம் "கதிரை" என்று தேடியதும் அரை நிமிடத்தில் முடிந்தது. பெயரை இங்கே சொல்லவில்லை.

யுனிகோடுக்கு மாற்றினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். சேர் கேட்டுவிட்டு, "எழுத்து வருது, ஆனா வரவு செலவு எங்க இருக்கெண்டு பிடிக்க முழுசாக் கேக்க வேண்டிக் கிடக்கு" என்றார். தலைப்பு என்று நான் செய்திருந்தது எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கியது மட்டும். அது கண்ணுக்குத்தான் தலைப்பு. வேர்ட்டில் "ஹெடிங்" என்ற பாணியைக் கொடுத்தால்தான் அது தலைப்பு என்று கருவிக்குத் தெரியும், அதன்பிறகு வேர்ட்டில் என்விடிஏயின் உலாவல் முறையைப் போட்டுக்கொண்டு எச் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தலைப்பாகத் தாவலாம். நாங்கள் பக்கத்தைப் புரட்டிக் கண்ணால் மேய்வதை அவர் விரலால் செய்கிறார்.

படத்தில் என்ன இருக்கிறது என்று கருவி வாசிக்க, படங்களுக்கு விவரணம் எழுதினோம். போன வருட அறிக்கையில் இருந்த 14 படத்தில் 11 படம் பொன்னாடை போர்த்துவது, அதை எழுதும்போதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் பெயருக்கு முன்னால் 60 புள்ளி வைத்திருந்தோம், கருவி சில சமயம் அதையும் புள்ளி புள்ளி என்று ஓதுமாம், எடுத்துவிட்டோம். பிடிஎஃப் தேவைப்பட்டால் "பிரிண்ட்" வழியாகப் போகாமல் "சேவ் அஸ்" வழியாக ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்ட தலைப்பெல்லாம் உதிர்ந்துவிடும். தமிழுக்கு இன்னொரு கூத்தும் உண்டு. பிடிஎஃப்புக்குள் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடந்தால் "கொ" என்பதன் கொம்பு முன்னால் ஓடிப்போய்த் தனியாக நிற்கும், கருவி அங்கே தடுக்கி விழும். அதனால் வேர்ட் கோப்பையும் சேர்த்தே அனுப்புகிறேன். ஒரே அறிக்கை இரண்டு தரம் வருகிறது என்று முறைப்பாடு செய்தவர்களுக்கு இதுதான் விளக்கம்.

"ஒரு ஆளுக்காக இவ்வளவா?" என்று நிர்வாக சபையில் ஒருவர் கேட்டது கூட்டறிக்கையில் பதிவாகியிருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பற்றியது. அதே உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டது, அதன் 9ஆம் உறுப்புரை தகவலை அணுகுவதையும் சொல்கிறது. பார்வையற்றோர் வாசிக்கக்கூடிய வடிவில் நூல்களைப் படியெடுக்க இடம் கொடுக்கும் மராக்கேஷ் ஒப்பந்தம் 2013 இல் வந்தது, இலங்கை அதிலும் 2016 இல் சேர்ந்திருக்கிறது. நாடு கையெழுத்து வைத்த விஷயம், செயலாளரின் விசர் இல்லை. அதோடு ஒரு ஆள் என்பதும் சரியில்லை. நம்மில் பாதிப் பேருக்கு வெண்புரை. படமாக வந்த அறிவித்தலைப் பெரிதாக்கினால் வரி பக்கவாட்டில் ஓடிவிடும், எழுத்தாக வந்தால் போனிலேயே பெரிதாக்கி வாசிக்கலாம். கேள்வி கேட்டவரே போன மாதம் கண் ஒப்பரேஷன் செய்துகொண்டார், நலம் பெற வாழ்த்துகள்.

வெளியில் ஒரு அலுவலகத்துக்கும் எழுதினோம், அவர்களுடைய விண்ணப்பப் படிவம் ஸ்கேன் செய்த படமாக இருக்கிறது, எழுத்தாகத் தர முடியுமா என்று. இரண்டு நினைவூட்டல் அனுப்பியும் பதில் இல்லை. மூன்றாவதற்குப் பதில் வந்தது. ஸ்கேன் பண்ணின படமாக.

சந்தா

மாதம் 50 ரூபா. ஒரு பிளேன்டீக்கும் ஒரு வடைக்கும் போதாத காசு. 64 உறுப்பினர்களில் டிசம்பர் வரைக்கும் கட்டியவர்கள் 27 பேர். வெளிநாட்டில் இருப்பவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் கட்டிவிட்டார்கள். வாவியின் கிழக்குப் பக்கம், எழுவான்கரையிலேயே, நூலகத்துக்கு மூன்று ஒழுங்கை தள்ளி இருப்பவர்களைச் சொல்கிறேன்.

இதிலும் ஆவண வேலை கைகொடுத்தது. முன்பு பட்டியலில் கட்டாதவர்களின் பெயரைச் சிவப்பு நிறமாக்கி வைப்பேன். திரைவாசிப்பான் தானாக நிறத்தைச் சொல்லாது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத உறுப்பினர் ஒருவரும் நம்மிடம் இருக்கிறார். ஆகவே "செலுத்தவில்லை" என்று எழுத்திலேயே ஒரு நிரல் சேர்த்தேன். ஜனவரியில் சேர் பட்டியலை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன்பாட்டில் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்திருக்கிறார். கட்டாதவர்களில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். ஒரு கிழமைக்குள் 11 பேர் கட்டினார்கள். நான் இரண்டு வருடம் கெஞ்சியும் நடக்காதது அது.

கணக்கு

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமன், கையிருப்பு போன வருடத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆவண வேலைக்கு ஸ்கேனர், டேட்டா, பிள்ளைகளுக்குத் தேநீர் என்று சில்லறைச் செலவுதான் போனது. மென்பொருளுக்கு ஒரு சதமும் இல்லை.

போன வருடக் கணக்கு அட்டவணையை நான் ஸ்பேஸ் பார் அடித்து அடித்து ஒழுங்குபடுத்தியிருந்தேன், எந்தத் தொகை எதற்கு என்று கருவிக்குப் புரியவில்லை. நிரல் தலைப்புகளோடு சரியான அட்டவணையாக்கி அனுப்பியதும் சேர் அன்றைக்கே 1,750 ரூபா இரண்டு தரம் கூட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தார். கணக்காய்வாளரும் நிர்வாக சபையும் கண்ணால் பார்த்து ஒப்பமிட்ட கணக்கு அது. பொருளாளருக்கு மனத்தாங்கல் இருப்பது தெரியும், தட்டச்சுப் பிழை என்று பதிவு செய்திருக்கிறோம்.

நன்றி

இடம் தந்த நூலகத்தாருக்கும், தலைவர், போசகர், நிர்வாக சபையினருக்கும், டைப் பண்ணிய இரண்டு பிள்ளைகளுக்கும், வாணி விழாவுக்குக் கடலை அவித்துத் தந்த மாமிக்கும் நன்றி.

வருகிற வருடம்

எனக்கு இது ஐந்தாவது வருடம். வேறு யாராவது பொறுப்பெடுத்தால் சந்தோசமாகக் கொடுப்பேன், ஒரு நிபந்தனை, யுனிகோடில் டைப் பண்ணத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இரண்டு கிழமையில் நான் பழக்குகிறேன், அறுபதை நெருங்குகிற என் விரலே பாமினியை மறந்துவிட்டது. யாரும் கை தூக்காவிட்டால் போன வருடம் போல ஆளையாள் பார்க்காமல் நேரே என்னைப் பார்த்துவிடுங்கள், நேரம் மிச்சம். ஆனால் தனியாகச் செய்ய இனி முடியாது. பழைய ஆண்டு மலர்கள் நாலு இன்னும் பாமினியில் கிடக்கின்றன, சனிக்கிழமை பின்னேரங்களில் இரண்டு பேர் வந்தால் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முன் முடித்துவிடலாம். வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களையும் வரிசையாக 20 ரோசாப் பூவையும் போடுபவர்கள் தயவுசெய்து குறைத்துக்கொள்ளுங்கள், சேரின் போன் ஒவ்வொரு பூவின் பெயரையும் வாசித்து முடித்த பிறகுதான் கூட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்கிறது.

இந்த அறிக்கையை நேற்று இரவு அவருக்கு அனுப்பிவிட்டேன். இவ்வருடக் கணக்கு அட்டவணையை இன்னும் அனுப்பவில்லை. பொருளாளர் அதற்கு முன் கூட்டுத்தொகையை ஒருதரம் பார்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
செயலாளர்