எங்க சொல்தா தாத்தாவைத் தேடிக் குடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா, அதாவது சிப்பாயா, இருந்த எங்க கொள்ளுத்தாத்தாவைத் தேடி ரெண்டு வருஷமா ஆளாளுக்கு மெசேஜ் போட்டு உயிரை வாங்கிட்டு இருந்தேன், இப்ப பேப்பர் எல்லாம் கைக்கு வந்துடுச்சு, அதான் தனித்தனியா போன் பண்ணாம ஒரேடியா எழுதிடறேன்.

வீட்ல இருந்தது யூனிஃபார்ம் போட்ட கொள்ளுத்தாத்தா போட்டோ ஒண்ணு, அப்புறம் "சைகோன்ல சொல்தாவா இருந்தாரு, அங்கயே கல்யாணம் கட்டிட்டுத் தங்கிட்டாரு"ங்கற பேச்சு, அவ்ளோதான். சைகோன்னா அப்ப பிரெஞ்சுக்காரங்க கைல இருந்த வியட்நாம் ஊரு. அந்தக் கொள்ளுப்பாட்டியை சைகோன் ஆயான்னுதான் சொல்வாங்க, பேர் யாருக்கும் தெரியாது. நெம்னு வியட்நாம் ரோல் பொரிக்கற கைப்பக்குவம் மட்டும் எங்கம்மா வரைக்கும் வந்திருக்கு.

முதல் நன்றி எங்க பிரெஞ்சு வாத்தியார் முசியேவுக்கு. பிரான்ஸ்ல எக்ஸ் ஆன் புரொவான்ஸ்ல இருக்கற காலனி ஆவணக் காப்பகம் பாண்டிச்சேரி பிறப்பு இறப்பு கல்யாணப் பதிவெல்லாம் ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்ல சும்மாவே பாக்கற மாதிரி போட்டிருக்காங்க, ஆனா எங்க குடும்பப் பேர்ல வர்ற முருகனை நான் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல எம்-யூ-ஆர்னு தேடித் தேடி மாசக்கணக்குல வீணாக்கினேன். முசியே பாத்துட்டு சிரிச்சாரு, "இவன் எம்-ஓ-யூ முருகன்டா, கடைசில ஒரு ஈ வேற இருக்கும்"னாரு. அன்னிக்கு ராத்திரியே கிடைச்சுட்டாரு! 1881 தெக்ரே, அதாவது பிரெஞ்சு அரசாணை, வந்தப்புறம் நம்மூர் ஆளுங்க சொந்த சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு மாறி குடும்பப் பேர் வச்சுக்கிட்டாங்களே, ரெனோன்சான்னு சொல்றது, அந்தப் பேர்தான் எங்களுக்கும் வந்திருக்குன்னும் அவர்தான் புரிய வச்சாரு.

பிறப்புப் பதிவோட ஓரத்துல எறும்பு ஊர்ற மாதிரி ரெண்டு வரி இருந்துச்சு, நான் அதைக் கண்டுக்கவே இல்ல. பாரிஸ் பக்கம் சார்செல்ல இருக்கற அக்காதான் பெருசு பண்ணிப் பாத்துட்டு, "தம்பி, இது கல்யாணக் குறிப்பு, சைகோன்னு போட்டிருக்கு பாரு"ன்னாங்க. 1897க்கு அப்புறம் கல்யாணம் ஆனா பிறப்புப் பதிவு ஓரத்துலயும் எழுதணும்னு பிரான்ஸ்ல சட்டமாம். அந்த ரெண்டு வரி இல்லன்னா நான் இன்னும் பாண்டிக்குள்ளயே சுத்திட்டு இருந்திருப்பேன். (நடுவுல ஒருத்தர் தேடித் தர்றேன்னு காசு வாங்கிட்டுப் போனாரு, இன்னும் தேடிட்டேதான் இருக்காரு போல, விடுங்க.)

மார்செய்ல இருக்கற அண்ணன் லீவு போட்டு பஸ் ஏறி எக்ஸுக்கே போய் கல்யாணப் பதிவையும் பட்டாளத்து பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்பினாரு. சைகோன்ல இருந்த 11வது கொலோனியல் காலாட்படை, அதுல இருந்து வெளிய வந்து அங்கயே சுங்கத்துல வேலை. கல்யாணப் பதிவு முழுக்க பிரெஞ்சு, அடில சாட்சிக் கையெழுத்து ஒண்ணு மட்டும் தமிழ்ல, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா, பேனாவை அழுத்தி அழுத்திப் போட்டிருக்கு. யாரோ நம்மூர்க்காரர். அதை எத்தனை தடவை பாத்தேன்னு எனக்கே தெரியாது. நன்றிண்ணே, பஸ் காசு கூட வாங்க மாட்டேன்னுட்டீங்க.

கடைசியா முத்தியால்பேட்டை ஆயா. சைகோன்ல பொறந்து வளந்தவங்க, வியட்நாம் பாஷை தெரிஞ்சவங்க. பதிவுல எங்க கொள்ளுப்பாட்டி பேரைக் காட்டினேன், நடுவுல இருக்கற "தி"யைப் பாத்ததுமே பொம்பளைப் பேர்னு சொல்லிட்டாங்க. ஆனா எழுதின கிளார்க்கு மேல கீழ போடற குறி ஒண்ணுமே போடல, அது இல்லன்னா அந்தப் பாஷைல அர்த்தமே மாறிடுமாம். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு மூணு விதமா சொல்லிக் காட்டினாங்க, ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது, ஒண்ணு அப்படியே நிக்குது. எது சரின்னு அவங்களாலயும் சொல்ல முடியல. நான் மூணையும் போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன், எங்கம்மா ரெண்டாவதுதான் நல்லாருக்குங்கறாங்க.

முசியே, ஆயா, ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வீட்ல இருங்க. அம்மா நெம் குடுத்து விடறாங்களாம்.