வாய்ப்பு 72 சதவீதம் என்று எழுதித் தருபவர்களுக்கு

வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்களை நடத்துபவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பாடம் எடுக்கிறேன். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் இறுதியாண்டு மாணவர்கள், உங்கள் மையங்கள் கொடுத்த பட்டியலையும் கையோடு கொண்டு வருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், அதற்கு நேராக அங்கே இடம் கிடைக்கும் வாய்ப்பு என்று ஒரு சதவீதம். ஒரு மாணவியின் தாளில் ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நேராக 72 என்று இருந்தது. இது எப்படி வந்தது என்று கேட்டேன். "சிஜிபிஏவும் ஐஇஎல்டிஎஸ் ஸ்கோரும் போட்டா கம்ப்யூட்டரே சொல்லிடும் சார்" என்றார். சிஜிபிஏ என்பது கல்லூரி மதிப்பெண்களின் பத்துக்கான சராசரி, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் திறன் தேர்வு.

சரி, அந்தக் கணக்கையே பார்ப்போம். நம் மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்ற அங்கே பரவலாகப் பயன்படுவது பவேரியன் ஃபார்முலா. அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும். அங்கே 1.0தான் மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசி. பத்துக்கு 8.0 வாங்கியவருக்குத் தேர்ச்சி எல்லை 4 என்று வைத்தால் 2.0 வரும். 5 என்று வைத்தால் 2.2. 6 என்றால் 2.5. மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான். ஆனால் 2.3 வரைதான் எடுப்போம் என்று சொல்லும் துறையில் இவர் உள்ளேயா வெளியேயா என்பதே இதில் மாறிவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்திலேயே 2017 விதிமுறைப்படி தேர்ச்சிக்கான கடைசி கிரேடு புள்ளி 6. 2021 விதிமுறைப்படி 5. எந்த விதிமுறையில் படித்தாய் என்று அந்த மாணவியிடம் உங்கள் மையத்தில் யாரும் கேட்கவே இல்லை.

கணக்கு சரியாக வந்தாலும் அது பாதிதான். ஜெர்மனியில் பல துறைகள் என்னென்ன பாடம், ஒவ்வொன்றிலும் எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) என்றும் பார்க்கின்றன. டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பிக்கும் மெக்கானிக்கல் மாணவருக்கு நிகழ்தகவிலும் புரோகிராமிங்கிலும் போதிய கிரெடிட் இல்லையென்றால், பத்துக்கு 9.0 இருந்தாலும் நிராகரிக்கப்படலாம். அமெரிக்காவில் 2020க்குப் பிறகு பல துறைகள் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வைக் கேட்பதையே நிறுத்திவிட்டன. ஜிஆர்இ மதிப்பெண்ணை மட்டும் எல்லையாக வைத்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்று அந்தத் தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே பல்கலைக்கழகங்களுக்குச் சொல்கிறது. பிஎச்டி என்றால், எந்தப் பேராசிரியரிடம் அந்த வருடம் நிதி இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். இதெல்லாம் இரண்டு மதிப்பெண்ணில் எப்படித் தெரியும்?

அப்புறம், உங்கள் அலுவலகச் சுவர். அட்மிட் வாங்கியவர்களின் படங்களை மாட்டியிருக்கிறீர்கள். அவர்கள் உழைப்பு உண்மை, சந்தோஷம்தான். ஆனால் அதே மதிப்பெண்ணோடு அதே இடத்துக்கு விண்ணப்பித்து ரிஜெக்ட் ஆனவர்கள் எத்தனை பேர்? அந்த எண்ணிக்கை இல்லாமல் சதவீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த எண்ணை நம்பித்தான் அப்பா அம்மா நகையை அடகு வைக்கிறார்கள். கடனுக்கு வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கிறார்கள்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பல பல்கலைக்கழகங்கள் நீங்கள் சேர்த்துவிடும் மாணவருக்குக் கமிஷன் தருகின்றன. உழைப்புக்குக் கூலி வாங்குவதை நான் தவறென்று சொல்லவில்லை. ஆனால் 'சேஃப்', அதாவது எளிதில் கிடைத்துவிடும், என்று நீங்கள் குறிக்கும் இடங்களில் எவை உங்களுக்குப் பணம் தருபவை என்று மாணவருக்குத் தெரிய வேண்டும்.

குளிர்கால செமஸ்டருக்கு விண்ணப்பிக்க ஜெர்மனியில் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். சில இடங்களில் மே மாதமே முடிந்துவிடும். இந்த வருடப் பட்டியல்களைத் தயாரிக்கும்போது சதவீதத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், எந்தத் தேர்ச்சி எல்லையை வைத்துக் கணக்குப் போட்டீர்கள், அந்தத் துறை கேட்கும் பாடங்களில் எது குறைகிறது, உங்கள் மூலம் முன்பு விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கமிஷன் உண்டா என்பதை எழுதிக் கொடுங்கள். முன்பு யாருமே விண்ணப்பித்ததில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பரிந்துரைக் கடிதம் எழுதும் ஓர் ஆசிரியர்